ஆபீஸ் என்று எழுதியவர்கள்

என் தொழில் என்ன என்று கேட்பவர்களிடம் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன்: நான் புரோகிராம் எழுதுவதில்லை, எழுதுகிறவனுக்கு விவரம் சொல்லிக் கொடுக்கிறேன். எழுதுகிறவன் மனிதன் அல்ல, ஏஐ ஏஜெண்ட். உலகத்துப் புத்தகமெல்லாம் படித்த ஆள். ஆனால் நம் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிட்டு வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால், என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது, இங்கே எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றெல்லாம் ஒரு கோப்பில் எழுதி அதன் முன் வைக்க வேண்டும். தொழிலில் அதைக் கான்டெக்ஸ்ட் என்போம். முன்னபின்ன தெரியாத ஆளை ஒரு காரியமாக அனுப்பும்போது, பஸ் ஸ்டாண்டில் இறங்கி வடக்கே போ, வாசலில் நாய் கிடக்கும், ஒன்றும் செய்யாது என்று சொல்லி அனுப்புகிறோமே, அவ்வளவுதான். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். இப்போது அந்தப் பெயரை யாராவது எடுத்தால் எரிச்சல் வருகிறது.

பெங்களூரில் எட்டு வருஷம் இருந்தேன். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. அண்ணனுக்கு இடைசெவல் பக்கம் கரிசல் காட்டில் விவசாயம். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தான் என்றால் பொழுது சாயத்தான் திரும்புவான். மதினி ஆபீசுக்குப் போவாள்.

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தீப்பெட்டி ஆபீஸ். அதுவும் நீளம் என்று வெறும் ஆபீஸ். காலையில் ஆபீஸ் வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தால் ஏழெட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஓடுவார்கள். மதினி அங்கே மருந்துப் பக்கம் நின்றாள். மருந்து என்றால் காய்ச்சலுக்குச் சாப்பிடுவது அல்ல. குச்சியின் தலையில் ஏற்றுகிற கலவைக்குத்தான் அந்தப் பெயர். மருந்தில் தோய்த்த குச்சிகளை உலர வைத்து எடுப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் சேலையில் மூக்கைச் சுருக்க வைக்கிற ஒரு வாடை வரும்.

"நீயும் ஆபீஸ், நானும் ஆபீஸ்," என்பாள். "எனக்காவது வேன் வருது. நீ மாடிப்படி ஏறுத, ஆபீஸ் வந்துருது. சம்பளம் மட்டும் உனக்குப் பெருசு."

அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கேலி செய்யும்போது மட்டும் கொழுந்தனாரே என்று மரியாதை வரும். ஏஜெண்டை வைத்து வேலை பார்க்கிறேன் என்று முதல்முறை சொன்னபோது, "எந்த ஏஜெண்டு கொழுந்தனாரே, சீட்டு ஏஜெண்டா, இன்சூரன்ஸ் ஏஜெண்டா?" என்று கேட்டாள். சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அப்போதே அந்த இருமல் இருந்தது. சித்திரையில் தொடங்கி விடாமல் இருந்தது.

ஆனி மாதத்தில் ஊரில் ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். எக்ஸ்ரே வசதியுள்ள வேன் ஒன்றை ஏற்பாடு செய்து, கோவில்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் எப்போதும்வென்றான் என்ற ஊர் வரைக்கும் போய் ஆட்களின் நெஞ்சைப் படம் பிடித்து, நுரையீரல் நோய் உண்டா என்று பார்ப்பது திட்டம். வேன் ஒன்றுதான். எல்லோரையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. ஆகவே வீடு வீடாகப் போய் விவரம் எடுத்து, யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களை முதலில் போனில் கூப்பிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பிரித்துக் கொடுக்கிற புரோகிராம்தான் என் வேலை. சும்மா செய்து தருகிறேன் என்றேன். புண்ணியத்துக்கு உழுத மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர்களும் பார்க்கவில்லை.

விவரம் எடுக்கிற பெண்களுக்குத் தலைவியாக ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. முதல் நாளே என்னிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, இருமல் இருக்கான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாவ. இருமுதான்னு தெரிஞ்சா ஆபீஸ்ல வீட்டுக்கு அனுப்பிருவாவளோன்னு பயம். அதனால அதை நம்பாதீங்க. என்ன வேலை பாக்காவளோ அதை வச்சுப் பிரிங்க. தூசியில நிக்கவிய முதல்ல வரணும்."

நல்ல யோசனை. அதன்படியே செய்வது என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏஜெண்டுக்கு விவரம் குறைந்தால் அது தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும். விவரம் கூடினாலும் கெடுதல்தான். அந்த வேலைக்கு முதலில் நான் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன்: அறக்கட்டளையின் பழைய முகாம் பட்டியல்கள், கூட்டத்தில் பேசிய குறிப்புகள், கைவிட்ட படிவங்கள், எல்லாம். அது கைவிட்ட படிவத்தை நிஜம் என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்திருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டு பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, சோதனையை எப்படி ஓட்ட வேண்டும், போன் எண் எந்த வடிவில் வரும். படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. வேண்டாததை வெட்டி எறிவதில்தான் திறமை இருக்கிறது என்று பெங்களூரில் பலருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

அந்தச் சுகாதாரப் பெண் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பஸ் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசியிருந்தாள். "அண்ணாச்சி, ஒரு விசயம். விவரம் எடுக்குத நம்ம பிள்ளைக அவசரத்துல சுருக்கிச் சுருக்கித்தான் போன்ல அடிச்சிருக்கும். ஆபீஸ்னு போட்டிருந்தா பெட்டி ஆபீஸ்தான். மருந்துன்னா குச்சி மருந்து. மில்லுன்னா நூல் மில்லும் உண்டு, மாவு மில்லும் உண்டு, பாத்துக்கிடுங்க."

மில்லைப் பற்றிச் சொன்னதை மட்டும் கோப்பில் சேர்த்தேன். அது எனக்கே சந்தேகம் வரக்கூடிய விஷயம். மற்ற இரண்டையும் கேட்டுச் சிரித்தேன். கோவில்பட்டிக்காரனுக்கு ஆபீஸ் என்றால் என்ன என்று பாடமா? எனக்குத் தெரிந்ததை எதற்கு எழுதி இடத்தை அடைக்க வேண்டும்? இதை நான் யோசித்து எடுத்த முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது குறித்து வைப்பார்களா?

ஏஜெண்ட் வேலையைத் தொடங்கும் முன் என்ன செய்யப் போகிறது என்று ஒரு திட்டம் எழுதிக் காட்டும். நாம் சரி என்றால்தான் மேலே போகும். அன்றைக்குப் பன்னிரண்டு குறிப்புகள் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். ஏழாவது குறிப்பு ஒரு கேள்வி. இதுவரை வந்த விவரங்களில் தொழில் என்ற இடத்தில் நிறையப் பேர் ஆபீஸ் என்று கொடுத்திருக்கிறார்கள், இவர்களை மேசை முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் என்று வைத்துக்கொண்டு ஆபத்துக் குறைந்த பிரிவில் சேர்க்கிறேன், சரிதானே என்று கேட்டிருந்தது.

படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்லிவிடலாம், ஆனால் படித்தேன். அது ஆங்கிலத்தில் கேட்டது, நான் ஆங்கிலத்தில் படித்தேன். தமிழில் ஆபீஸ் என்றால் எனக்கு மதினி, வேன், தூக்குச்சட்டி. அதையே ஆங்கிலத்தில் படித்தால் பெங்களூர், கண்ணாடிச் சுவர், ஏசி. ஒரே சொல், ஒரே மண்டை, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் அங்கே இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அன்று காலை வேறு இரண்டு வேலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. சரி என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அவசரக்காரனுக்கு மட்டும் உறைக்காத பழமொழி.

புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனைகளெல்லாம் பச்சை காட்டின. காட்டாமல் என்ன செய்யும்? சோதனைக்கு மாதிரி ஆட்களை உருவாக்கிக் கொடுத்ததே நான்தான். தாலுகா ஆபீஸ் என்று ஓர் ஆள், போஸ்ட் ஆபீஸ் என்று ஓர் ஆள், தீப்பெட்டித் தொழிற்சாலை என்று ஓர் ஆள். பேப்பரில் எழுதுகிற தமிழ் எழுதியிருந்தேன். எங்கள் தெருவில் ஒருத்தி வாயிலிருந்தும் வராத தமிழ்.

ஆடியில் எங்கள் தெருவுக்கு விவரம் எடுக்க வந்தார்கள். மதினி அன்று வேலைக்குப் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்ல மாட்டாள், துணி துவைக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டாள். வந்த பெண் வாசலில் நின்று போனில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்ன வேலை பாக்கீங்க அக்கா?"

"ஆபீஸ். மருந்துல நிக்கேன்."

"இருமல் இருக்கா?"

"இல்ல. வெயிலு, தூசி, லேசாத் தொண்டை கமறும். மத்தபடி ஒண்ணுமில்ல."

நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் இருமியது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இருமலை மறைத்தால் என்ன, வேலையை வைத்து என் புரோகிராம் பிடித்துவிடும் என்ற தைரியம். அந்தப் பெண் போன பிறகு மதினியிடம் சொல்லவும் செய்தேன்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தது. மதினியையும் கூப்பிட்டாள். மதினி கிளம்பத் தயாராகத்தான் இருந்தாள். நான் தடுத்தேன்.

"எதுக்கு மதினி அங்கன போய் வரிசையில நிக்கீங்க? முதல் வாரமே உங்களக் கூப்பிடுவாவ. வேன் நம்ம தெருவுக்கே வரும். நான் எழுதின புரோகிராம் மதினி."

"உன் ஏஜெண்டு எழுதினதா?"

"ஆமா."

"அப்ப சரி. நமக்கு உள்ளுக்குள்ள ஆள் இருக்கு," என்று சொல்லிச் சேலையை மாற்றிக்கொண்டு சோறு வடிக்கப் போனாள்.

ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதினி வாட்ச்மேனிடம் கொடுக்க மாட்டாள், அவன் எடுத்துப் பாட்டுக் கேட்கிறான் என்பாள். ஆகவே அவள் போன் பகல் முழுக்க என் மேசையில் கிடக்கும். கூப்பிட்டால் எடுத்துப் பேசி, நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டியது என் பொறுப்பு. ஆவணி முதல் வாரம் எக்ஸ்ரே வேன் கிளம்பியது. போன் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. ரீசார்ஜ் செய்யச் சொல்லி வந்தது, லோன் வேண்டுமா என்று வந்தது.

சாயங்காலம் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி வந்ததும் மதினி கீழே நின்றபடியே கேட்பாள்: "வந்துச்சா?" இல்லை மதினி என்பேன். முதலில் தினமும் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு போனை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

புரட்டாசியில் அறக்கட்டளைக்கு ஒருதரம் போன் செய்து கேட்டேன். பட்டியல்படிதான் சார் போய்க்கொண்டிருக்கிறது, முதல் பிரிவே இன்னும் முடியவில்லை என்றார்கள். பட்டியல் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குச் சொன்னவனும் நான்தான். வேன் மெதுவாகப் போகிறது, கூப்பிடுகிறவர்கள் சோம்பேறிகள் என்று மனதுக்குள் அவர்களைத் திட்டினேன். என் எழுத்தில் பிழை இருக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அந்தச் சுகாதாரப் பெண்ணைக் கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். எனக்கு வேண்டியவர் என்று சிபாரிசு பண்ணினதாக ஆகிவிடும், நியாயம் கெட்டுவிடும் என்று கேட்கவில்லை. அப்படியொரு நியாயஸ்தன்.

மழை தொடங்கியது. அண்ணன் விதைப்புக்காகக் காட்டிலேயே கிடந்தான். சாயங்காலம் வண்டிச் சக்கரத்தில் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருப்பான். உள்ளே மதினி இருமுவாள். அவன் சுரண்டுவதை நிறுத்திவிட்டு மாடியைப் பார்ப்பான். "வந்துரும்ணே, கூப்பிடுவாவ," என்பேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுரண்டுவான்.

ஐப்பசியில் ஒரு காலை ஆபீஸ் வேன் ஹாரன் அடித்தும் மதினி போகவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து எடுத்த முந்தானை முழுக்க இரத்தம். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சுருட்டி மடிக்குள் மறைத்தாள். அந்த நிலையிலும் மறைக்கத்தான் பார்த்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காசநோய், இரண்டு பக்க நுரையீரலும் மோசமாகிவிட்டது, சர்க்கரை வேறு கட்டுப்படாமல் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அண்ணனுக்கும் எனக்கும் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. எவ்வளவு நாளாக இருமல் என்று டாக்டர் மதினியிடம் கேட்டார். அவரும் இதை ஒரு நாளைக்குப் பலமுறை கேட்பவர், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சித்திரையிலயிருந்து சார்," என்றாள் மதினி.

"இவ்வளவு நாள் ஏன் வரல?"

"போன் வரும்னு இருந்தோம்."

டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அறக்கட்டளைக்குப் போய் மதினியின் பெயரைத் தேடச் சொன்னேன். சுகாதாரப் பெண்ணும் பக்கத்தில் இருந்தாள். முதல் பிரிவில் இல்லை. இரண்டாவதில் இல்லை. கடைசிப் பிரிவில், கடைசிப் பக்கத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆபீஸ், மருந்து என்று விவரம் எடுத்த பெண் அடித்திருந்தாள். அதைப் படித்து, மருந்துத் துறை, அலுவலகப் பணி, ஆபத்துக் குறைவு என்று என் ஏஜெண்ட் முடிவு கட்டியிருந்தது. தேவைப்பட்டால் தாங்களே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பிரிவு அது. அவர்களுக்குப் போனே போகாது.

மதினிக்கு மேலும் கீழும் ஆபீஸ், ஆபீஸ், ஆபீசு வேலை, ஆபீஸ் மருந்து என்று வரிசையாக இருந்தது. முதல் பிரிவில் யார் இருந்தார்கள் என்று பார்த்தோம். மாவு மில்லும் நூல் மில்லும் நான் எழுதிக் கொடுத்தபடியே கச்சிதமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தன.

சுகாதாரப் பெண் அந்த வரிசையை விரலால் எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொன்னேனே அண்ணாச்சி. பஸ்ஸில போகும்போதே நெனச்சு நெனச்சுப் பேசி அனுப்பினேன். நீங்க கேக்கலியா?"

"கேட்டேம்மா."

"கேட்டுட்டுமா?"

வாய் வரைக்கும் பல சமாதானங்கள் வந்தன. ஏஜெண்ட் தப்பாகப் புரிந்துகொண்டது என்று சொல்லலாம். ஆனால் அது தெரியாததைத் தெரியாது என்று நினைத்து என்னைக் கேட்டது. தெரிந்தவன்தான் தப்பாகப் பதில் சொன்னான். அதைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழுதுகிட்டு நின்னா ஆகாது, முதல்ல அதை மாத்துங்க," என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன். இந்த ஊரில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டித் தொழிற்சாலை. மருந்து என்றால் தீக்குச்சியில் ஏற்றும் ரசாயனக் கலவை. ஏஜெண்ட் நன்றி சொன்னது. சில நிமிஷத்தில் பட்டியலைத் திருத்திக் கொடுத்தது. கடைசிப் பக்கத்துப் பெண்களெல்லாம் முதல் பக்கத்துக்கு வந்தார்கள். அவ்வளவு சுலபம். அது சிரமமாக இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பகலில் யாரிடமும் போன் இருக்காது என்பது இப்போது எனக்கு நினைவு வந்தது. ஆபீஸ் வேன் திரும்புகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டோம். பலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்து மாத்திரை கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். அறக்கட்டளைக்காரர்கள் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்கள். பாராட்டிய வாயை மூட வேண்டும் போல இருந்தது.

மதினியிடம் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னேன். அண்ணன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். சொல்லாமல் இருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாளும் உட்கார முடியாது என்று ஆகிவிட்டது. சுயநலம்தான். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னேன். மருந்துத் துறை என்று சொன்ன இடத்தில் குழாய்க்கு நடுவே சிரித்தாள்.

"அப்ப நான் நர்சம்மாவா?"

சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது.

"மத்தவளுகளுக்குப் போன் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு மதினி."

"உங்க அண்ணன்ட்ட சொல்லிராத. அவுகளுக்குத் தம்பின்னா உசிரு. நான் போயிட்டா நீங்க ரெண்டு பேருந்தான் அந்த வீட்ல இருக்கணும்."

கார்த்திகை முடியவில்லை, போய்விட்டாள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன் என்னைக் காட்டிப் பேசினான். தம்பி எழுதின புரோகிராமில்தான் ஊரில் இத்தனை பேருக்கு நோய் தெரிந்தது, என் வீட்டுக்காரிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்றான். ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் இலை எடுக்கப் போவதுபோல எழுந்து போய் குழாயடியில் நின்றேன். பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். சாப்பிடும்போது, "நீ மட்டும் அவளுக்காக எம்புட்டோ பாத்த," என்று எதையாவது சொல்வான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். மதினி சொல்லக் கூடாது என்றாளே என்று ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதைக் காப்பாற்றுகிறேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேனா என்று பிரித்துப் பார்த்தபோது இரண்டாவதுதான் மிஞ்சியது.

தை பிறந்து உளுந்து எடுக்கிற சமயம். ஆள் கிடைக்கவில்லை என்று நானும் காட்டுக்குப் போனேன். ஆளுக்கு ஒரு வரிசையாகக் குனிந்து உளுந்தஞ்செடியைப் பிடுங்கிக்கொண்டே போனோம். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால் அங்கே வைத்துச் சொல்ல முடிந்தது. ஆபீஸ், மருந்து, ஆங்கிலத்தில் வந்த கேள்வி, நான் தட்டிய சரி, எல்லாவற்றையும் சொன்னேன். கணினி சம்பந்தப்பட்டது அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. அவன் பாட்டுக்குப் பிடுங்கிக்கொண்டே வந்தான். வரிசை முடிந்ததும் நிமிர்ந்தான்.

"ஏலே, நான் ஒண்ணு கேக்கேன். நீ மாடியிலதான இருந்த?"

"ஆமாண்ணே."

"அவ இருமினது உனக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"அப்பொறம் எதுக்குலே லிஸ்ட்டு?"

நான் பிடுங்கிய செடிகளைக் குவியலில் போட்டேன். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என்னைப் பார்க்காமல் அடுத்த வரிசையின் தொடக்கத்துக்குப் போய்க் குனிந்தான். குனிந்தபடியே, மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்குந்தான் கேட்டுச்சு. வெவரமானவன் சொல்லுதான்னு நான் பேசாம இருந்துட்டேன்."